கண்ணை மூடினால் இருட்டு

எலுமிச்சம்பழத்தில்தான் அந்தக் குழப்பம் ஆரம்பித்தது.

ஈரோட்டில், மகள் தன்வி நாலாம் வகுப்புப் படிக்கும் பள்ளிக்கூடத்தில், கோகிலவாணி கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலையில் ஒரு வளை. முடி கலையாமலிருக்கப் பெண்பிள்ளைகள் மாட்டிக்கொள்ளும் ஹேர்பேண்ட் போலத்தான் இருந்தது. உள்பக்கம் மட்டும் சில்லென்று குளிர்ந்த உலோகப் பொட்டுகள். மனதில் ஓடும் படத்தைப் பிடித்து எதிரே உள்ள திரையில் காட்டுகிற கருவி அது. எழுத்தைப் பார்த்தால் மிரண்டு, படமாக மட்டுமே யோசிக்கிற பிள்ளைகளுக்காக அந்த வருடம்தான் வாங்கியிருந்தார்கள்.

"ஒரு எலுமிச்சம்பழத்த நெனச்சுக்குங்க," என்றார் ஜெசிந்தா மிஸ். அந்தப் பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ளும் சிறப்பாசிரியை. குரலை உயர்த்தத் தெரியாதவர்.

கோகிலவாணி நினைத்தாள்.

"நெனச்சுட்டீங்களா?"

"நெனச்சுட்டனுங்க மிஸ்."

"அவசரமில்ல. நல்லா நெனைங்க."

கண்ணைத் திறந்தபோது திரை வெறும் சாம்பல் நிறமாக இருந்தது. அதற்குச் சற்றுமுன் அவள் கணவன் பூபதி அதே வளையை மாட்டியிருந்தபோது, தளதளவென்று ஒரு பழம் வந்தது. பழத்தோடு ஒரு லாரிச் சக்கரமும் வந்தது. பூபதி லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருப்பவன். எலுமிச்சம்பழம் என்றால் புது வண்டிக்குப் பூஜை போட்டு டயருக்கு அடியில் வைக்கிற பழம்தான் அவனுக்கு. எல்லோரும் சிரித்தார்கள். இப்போது யாரும் சிரிக்கவில்லை.

ஜெசிந்தா மிஸ் வளையைத் துடைத்து மாட்டினார். சாம்பல். வேறொரு வளையைக் கொண்டுவந்தார். சாம்பல். அதை எடுத்துத் தன் தலையில் மாட்டிப் பார்த்தார். தட்டில் அறுத்து வைத்த எலுமிச்சை உடனே வந்தது, விதைகளோடு.

"மேடம், நீங்க என்ன நெனச்சீங்கன்னு கொஞ்சம் சொல்லுங்களேன்."

"எலுமிச்சம்பழந்தானுங்க. மஞ்சளா இருக்கும், ஒரு பக்கம் மட்டும் பச்ச போகாம. ரெண்டு முனையும் கொஞ்சம் கூம்பி இருக்கும். தோலு சொரசொரன்னு, நகத்துல கீறுனா எண்ண மாதிரி பிசுக்குனு வரும். மோந்தா மூக்கு கூசும்."

"அதெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

"தெரியுமுங்களே. அதானே சொல்றேன்."

"இல்ல. கண்ணுக்கு முன்னால தெரிஞ்சுதா? கண்ண மூடினப்ப?"

கோகிலவாணிக்குக் கேள்வியே பிடிபடவில்லை. "கண்ண மூடுனா எப்படீங்க தெரியும்? இருட்டாத்தான் இருக்கும். எல்லாத்துக்கும் அப்படித்தானுங்களே?"

பூபதி திரும்பி அவளைப் பார்த்தான். மூலையில் வண்ணப் பென்சில் சீவிக்கொண்டிருந்த தன்வியும் நிமிர்ந்து பார்த்தாள். அந்த இரண்டு பார்வையும் ஒரே மாதிரி இருந்தன. யாரோ தெரியாத ஆளைப் பார்ப்பது போல.

"சில பேருக்கு அப்படி இருக்கும்," என்றார் ஜெசிந்தா மிஸ் மெதுவாக. "மனசுக்குள்ள படமே வராது. நோயில்ல, குறையும் இல்ல. மூள வேல செய்யற விதம் அப்படி. நெறயப் பேருக்கு கடைசி வரைக்கும் தெரியாமலே போயிடும்."

"அப்ப மத்தவங்களுக்கு?"

"படம் வரும்மா. மங்கலாவோ பளிச்சுனோ. உங்க பொண்ணுக்கு ரொம்பப் பளிச்சுனு வருது. அதனாலதான் அவளுக்கு எழுத்து இடிக்குது."

தன்விக்கு எழுத்து இடித்தது உண்மை. முன்பு படித்த பள்ளியில் மந்தம் என்று முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்கள். ஒரு பத்தி படிக்கச் சொன்னால் அழுவாள். இங்கே வந்து வளையை மாட்டிய முதல் நாள், 'நீர்ச் சுழற்சி' என்று மிஸ் சொன்னதும் திரையில் வந்த படத்தைப் பார்க்கத் தலைமையாசிரியை ஓடிவந்தார். கடல், ஓரம் கிழிந்த போர்வையை உதறி உதறி மேலே வீசுவது போன்ற மேகங்கள், மலையில் சிக்கி நூல் நூலாய்ப் பிரியும் மழை. எழுதச் சொன்னால் ஒரு வரி எழுதமாட்டாத பெண்ணுக்குப் பாடம் முழுக்கத் தெரிந்திருந்தது. அன்றைக்குக் கோகிலவாணி அந்த அறையிலேயே அழுதுவிட்டாள்.

இப்போது வந்திருப்பது அடுத்த கட்டத்துக்கு. வீட்டில் பெற்றோர் ஒருவர் இணைவளை மாட்டிக்கொண்டு பாடத்தை மனதில் படமாக நினைத்தால், அது பிள்ளையின் மனதுக்குள் மெல்லியதாகத் தெரியுமாம். அதன்மேல் பிள்ளை தன் படத்தைக் கட்டிக்கொண்டு போகும். தினமும் தன்வியோடு உட்கார்ந்து படிப்பவள் அம்மா என்பதால், அம்மாதான் இணையப்போகிறாள் என்று மூன்று பேரும் நினைத்திருந்தார்கள்.

"அப்பாவே இணையட்டும்," என்றார் ஜெசிந்தா மிஸ். "அவர் படம் நல்லாத் தெளிவா வருது." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "ஒண்ணு மட்டும் மேடம். அவங்க படிக்கிறப்ப நீங்க பக்கத்துல பேசாம இருந்தா நல்லது. சொல் வந்து விழுந்தா படம் கலைஞ்சிடும்னு வளை செஞ்ச கம்பெனிக்காரங்க சொல்றாங்க."

*

காரில் வரும்போது, பேருந்து நிலையம் தாண்டியதும் பூபதி கேட்டான்.

"நான் மஸ்கட்டுல இருந்தப்ப, என்ன நெனச்சுப் பாத்ததே இல்லியா நீ?"

"தெனமும் நெனச்சேன்."

"மூஞ்சி வந்துதா?"

"நெனச்சேன். பாக்கல." அப்படிச் சொன்னபிறகுதான் அது அவனுக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று தோன்றியது. "போன்ல உங்க போட்டோ இருந்துச்சே, அதப் பாப்பேன்."

அவன் கியரை மாற்றினான். "எனக்கு கண்ண மூடுனா நீ வாசல்ல நிக்கற மாதிரியே வரும். பச்ச சேலையில. அத வெச்சுத்தான் அங்க நாளத் தள்ளுனேன். உனக்கும் அப்படித்தான்னு நெனச்சுட்டு இருந்தேன் இத்தன வருஷமா."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பாள். அவன் ஏதோ பொருளைத் தொலைத்தவன் போலச் சொன்னான்.

பின் சீட்டிலிருந்து தன்வி எட்டிப் பார்த்தாள். "அம்மா, நான் ஸ்கூலுக்குப் போயிட்டா, நான் எப்படி இருப்பேன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும் கண்ணு. எல்லாமே தெரியும். உன்ற வலது கன்னத்துல மட்டும் குழி விழும். முன்பல்லு ஒண்ணு மேல ஒண்ணு ஏறிட்டு நிக்கும். நெத்தியில சுழி, அதனால எண்ண வெச்சாலும் முடி படியாது."

"அது சொல்றது. நான் கேட்டது பாக்கறது."

வீட்டுக்கு வந்ததும் தன்வி தன் பாஸ்போர்ட் போட்டோ ஒன்றை எடுத்து, அம்மாவின் செல்போன் உறைக்குள் முகம் வெளியே தெரிகிறமாதிரி செருகி வைத்தாள். பிறகு விளையாடப் போய்விட்டாள்.

கோகிலவாணி ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் வேலை பார்த்தாள். பதறிக்கொண்டு கூப்பிடுகிறவர்களிடம் கேள்வி கேட்டு, விபத்து நடந்த இடத்தையும் அடிபட்டவரின் நிலையையும் ஓட்டுநருக்கு எடுத்துச் சொல்கிற வேலை. எதிரில் என்ன கடை, சுவர் என்ன நிறம், ஆள் குப்புறக் கிடக்கிறாரா மல்லாந்தா, ரத்தம் சொட்டுகிறதா ஓடுகிறதா. அவள் சொன்னால் ஓட்டுநர்களுக்கு இடம் தப்பாது. மறுநாள் இடைவேளையில், பக்கத்து இருக்கை மேகலாவிடம் கேட்டாள்.

"ஏங்க்கா, ஒருத்தர் போன்ல சொல்றப்ப உங்களுக்கு அந்த எடம் தெரியுமா? கண்ணுக்குள்ள?"

"தெரியாம? சில கேசு வீட்டுக்கு வந்தாலும் போகாது. சோத்துல கை வெச்சா அதான் வரும். உனக்கு வராதா?"

"வராது."

"குடுத்து வெச்சவ நீ," என்றாள் மேகலா டீயை உறிஞ்சிக்கொண்டு.

குடுத்து வைத்தவளா? கோகிலவாணிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அன்று முழுக்க, இதுவரை கேட்ட பேச்செல்லாம் புதிதாக வந்து நின்றன. 'கண்ணுக்குள்ளயே நிக்குது.' 'நெனச்சாலே தெரியுது.' 'கனவு மாதிரி ஓடுது.' இதெல்லாம் சும்மா அலங்காரத்துக்குச் சொல்கிற பேச்சு என்றல்லவா அவள் நினைத்திருந்தாள்? எல்லோரும் நிஜமாகவே பார்த்துக்கொண்டா இருந்திருக்கிறார்கள்?

அவளுடைய தம்பி கிருபாகரன் டெங்கு காய்ச்சலில் போனபோது வயது பத்தொன்பது. தன்வி பிறப்பதற்கு முந்தைய வருடம். 'என்ற புள்ள மூஞ்சி கண்ண விட்டுப் போகமாட்டீங்குதே' என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதபோது, கோகிலவாணி பக்கத்தில் உட்கார்ந்து, அம்மா சீக்கிரம் தேறிவிடுவாள் என்று நினைத்தாள். காரியம் முடிந்ததும் வேலைக்குப் போய்விட்டாள். 'அக்காக்காரிக்குக் கல்லு மனசு' என்று சொந்தத்தில் பேசினார்கள். அம்மா பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். மகன் கண்முன் நின்றுகொண்டே இருந்திருக்கிறான். அதை ஒரு பேச்சு என்று நினைத்துத் தான் தோளைத் தட்டிக்கொடுத்துக்கொண்டு இருந்தோமே என்று இப்போது உடம்பு கூசியது.

அப்படியானால் தனக்கு அவன்மேல் இருந்தது என்ன? பாசம்தானா, இல்லை பாசத்தைப் பற்றிய தகவலா? தனக்குத்தானே கேட்டுக்கொள்ள முடிந்ததே தவிர, சொல்ல யாரும் இல்லை.

*

சாயங்காலங்கள் மாறிப்போயின. முன்பெல்லாம் கோகிலவாணி வெங்காயம் உரித்துக்கொண்டே தன்விக்குப் பாடம் சொல்வாள். எரிமலை என்றால், குக்கர் விசில் அடைத்துக்கொண்டால் உள்ளே பருப்பு என்ன பாடு படும் என்பதில் ஆரம்பிப்பாள். இப்போது பூபதியும் மகளும் ஹாலில் எதிரெதிரே வளையோடு உட்கார்ந்தார்கள். திரையைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். வீட்டில் சத்தமே இல்லை. அவள் சமையலறையில் கரண்டி பாத்திரத்தில் படாமல் கிளறப் பழகினாள்.

பலன் இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. தன்வி வேகமாகப் படித்தாள். அப்பா ஆறு என்று நினைத்தால் மகளின் திரையில் ஆறு வந்துவிடும். தேர்விலும் மதிப்பெண் ஏறியது. பூபதி ஆபீஸில் எல்லோருக்கும் ஸ்வீட் கொடுத்தான். "நான் எட்டாவது ஃபெயிலு. என்ற படத்துல புள்ள பாஸாவுது பாரு," என்று சொல்லிச் சொல்லி மகிழ்ந்தான். அந்த மகிழ்ச்சியில் கோகிலவாணியால் குறை காண முடியவில்லை. அவனும் மகளும் இப்படி நெருங்கி உட்கார்ந்து அவள் பார்த்ததே இல்லை. கதவோரம் நின்று திரையைப் பார்ப்பாள். யாரோ வீட்டு ஜன்னலை எட்டிப் பார்ப்பது போல் இருக்கும்.

டிசம்பர் முதல் வாரத்தில் ஜெசிந்தா மிஸ் போன் செய்தார். "நீங்க மட்டும் வாங்க மேடம். ஒண்ணு காட்டணும்."

அதே அறை. மிஸ் திரையில் வரிசையாகப் படங்களை ஓடவிட்டார். எல்லாம் தன்வியுடையவை. ஆறு. பாலத்துக்கு மேலே லாரி போகிற பவானி ஆறு. காடு. சத்தியமங்கலம் மலைப்பாதை, கொண்டைஊசி வளைவு, லாரி ஹெட்லைட்டில் தெரியும் மரங்கள். மழை. வைப்பர் ஓடும் கண்ணாடி வழியாகப் பெய்யும் மழை.

"எல்லாம் அவங்கப்பா பாத்ததுங்க," என்றாள் கோகிலவாணி.

"அதேதான். ஒண்ணுகூட அவளோடது இல்ல." மிஸ் அடுத்ததைத் தொட்டார். "போன வாரம் அப்பா இல்லாம, தனியா மாட்டி, பாலைவனம்னு சொன்னேன். பாருங்க."

திரை சாம்பலாக இருந்தது.

கோகிலவாணிக்கு அந்த நிறத்தைத் தெரியும்.

"ரொம்ப நேரம் உக்காந்திருந்தா. என்னம்மா ஆச்சுன்னு கேட்டேன். 'அப்பா இன்னும் அனுப்பல மிஸ்'னு சொன்னா." ஜெசிந்தா மிஸ் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இவ மட்டும் இல்ல. இணைவளை மாட்டுன எல்லாப் பிள்ளைங்களும் இப்படித்தான் ஆகிட்டிருக்காங்க. ரெடியாப் படம் வந்து விழுந்தா பிள்ள எதுக்குத் தானா வரையும்? உதவின்னு நெனச்சு செஞ்சது. நாங்க இத யோசிக்கவே இல்ல."

"அப்ப கழட்டிடலாமுங்களே."

"இங்க கழட்டித்தான் பாத்தோம். ஆனா தானா வரல." அவர் பழைய படம் ஒன்றைக் கொண்டுவந்தார். நீர்ச் சுழற்சி. ஓரம் கிழிந்த போர்வை மேகம். "இது எங்கிருந்து வந்துச்சுன்னு அவகிட்ட கேட்டேன். அம்மா சொன்னாங்கன்னு சொன்னா. மலையில மழ சிக்கி நூல் பிரியறது? அதுவும் அம்மா சொன்னாங்க. ஒவ்வொண்ணும் மேடம். நீங்க வாயால சொன்னத அவ படமாக் கட்டியிருக்கா. உங்ககிட்ட படம் இல்ல. அதனால உங்க படத்த அவ காப்பியடிக்க வழியே இல்ல. எடம் காலியா இருந்துச்சு. அவ நெரப்புனா."

கோகிலவாணிக்கு என்ன உணர்வது என்று தெரியவில்லை. சந்தோஷப்பட வேண்டும் போலிருந்தது. ஆனால் வந்தது எரிச்சல்தான்.

"பேச வேண்டாம்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

"சொன்னேன்."

"நான் வாய மூடிட்டு அடுப்படியில நின்னனுங்க மிஸ். கரண்டி சத்தம்கூட வராம."

"தப்புதான் மேடம்." அவர் சாக்கு எதுவும் சொல்லவில்லை. "திரும்பப் பேசுங்க. அத கேக்கத்தான் கூப்பிட்டேன். இன்னொண்ணும் இருக்கு. மத்த பிள்ளைங்களோடவும் வந்து உக்கார முடியுமா? உங்கள மாதிரி படம் வராதவங்கள இப்ப பல ஸ்கூல்ல தேட ஆரம்பிச்சிருக்காங்க."

போன ஜூனில் குறை; இந்த டிசம்பரில் தகுதி. நடுவில் அவள் எதுவுமே செய்யவில்லை, அப்படியேதான் இருந்தாள். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்துவிட்டாள்.

*

ஞாயிற்றுக்கிழமை காலை. பூபதி கறி வாங்கப் போயிருந்தான். தன்வி வளையை மாட்டிக்கொண்டு சோபாவில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள். சுவரில் திரை சாம்பலாக இருந்தது.

கோகிலவாணி பாலைவனத்தைச் சொன்னாள். மணல் எப்படி இருக்கும், வெயில் எப்படி இருக்கும். படித்ததைச் சொன்னாள். வார்த்தைகள் பாடப்புத்தகம் மாதிரி வந்து விழுந்தன. திரை அசையவில்லை.

"வரலம்மா."

"வரும் சாமி. இரு."

"வரமாட்டீங்குது." தன்வியின் உதடு பிதுங்கியது. "நானும் உன்ன மாதிரி ஆயிட்டனா?"

அந்தக் கேள்வியில் இருந்த பயத்தைக் கோகிலவாணி கேட்டாள். தன்னைப் போல் ஆவதற்கு மகள் பயப்படுகிறாள். வலிக்கத்தான் செய்தது. மகளின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"பாலைவனத்த விடு. அத நான் பாத்ததில்ல. பாத்தது ஒண்ணு சொல்றேன். படம் வந்தா வரட்டும், வராட்டி போவுது."

"என்னது?"

"உன்ற மாமன். கிருபா."

அவனைப் பற்றி அவள் வீட்டில் பேசுவதில்லை. பேசினால் அம்மா அழுதது நினைவுக்கு வரும், அந்தக் கல்லு மனசு என்ற பேச்சு வரும். ஆனால் அவன் இறந்த வாரத்தில், யாரிடமும் சொல்லாமல் அவள் ஒன்று செய்திருந்தாள். முகம் நழுவிவிடுமோ என்று பயந்து, அவனை அங்குலம் அங்குலமாக வார்த்தையில் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டாள். மற்றவர்களுக்கு அது தேவைப்படாது என்று அப்போது தெரியாது. எல்லோரும் இப்படித்தான் செத்தவர்களை நினைவில் வைத்துக்கொள்கிறார்கள் என்று நினைத்தாள்.

"எடது புருவம் நடுவுல அறுந்திருக்கும். சின்ன வயசுல வாசல் கேட்டு மேல ஏறி விழுந்தது. அந்த எடத்துல முடியே மொளைக்கல. காது ரெண்டும் வெளிய தள்ளிட்டு நிக்கும். வெயில்ல நின்னா செவப்பா வெளிச்சம் போட்ட மாதிரி தெரியும். மூக்கு நேரா வந்து கடைசில ஒரு பொட்டு எடது பக்கம் திரும்பும். சிரிச்சா முதல்ல வாய் சிரிக்காது. தாடைதான் கோணும். அடக்கப் பாப்பான். அடக்க முடியாம மூக்கால ஒரு சத்தம் வரும். அப்பறம்தான் பல்லு தெரியும். தெரிஞ்சதும் கையால வாய மூடிக்குவான். கையில எப்பவும் சைக்கிள் செயின் கறுப்பு..."

அவள் சொல்லிக்கொண்டே போனாள். தங்கள் கல்யாணத்தில் பூபதியின் செருப்பை ஒளித்து வைத்துவிட்டு அவன் தூணுக்குப் பின்னால் நின்றதைச் சொன்னாள். பாதியில் நிமிர்ந்தபோது, திரை சாம்பலாக இல்லை.

முதலில் ஒரு சிவப்புதான். காதின் சிவப்பு. அதைச் சுற்றி வெயில் படர்ந்தது. அழுக்கு விரல்கள். பிறகு ஒரு தாடை, கோணியபடி. தன்வியின் இமைகளுக்கு அடியில் கண்மணிகள் ஓடின. தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு பையன் மெல்ல எட்டிப் பார்த்தான், சிரிப்பை அடக்கினான், முடியாமல் சிரித்துவிட்டு, கறுத்த கையால் வாயை மூடினான்.

கோகிலவாணி பேச்சை நிறுத்தினாள். வீட்டில் இருக்கும் போட்டோக்களில் கிருபா விறைப்பாக நிற்பான். சிரிக்கும் கிருபா எங்கேயும் இல்லை. இதோ இருக்கிறான்.

இருக்கிறானா?

"அம்மா, வந்துருச்சும்மா!" தன்வி கண்ணைத் திறக்காமலே கத்தினாள். "சரியா இருக்கா? மாமா இப்படித்தான் இருப்பாங்களா?"

புருவம் அறுந்திருந்தது. காது சரி. ஆனால் ஒரு முகத்தைச் சரி என்று சொல்ல, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு முகம் வேண்டும். அது அவளிடம் எந்நாளும் இருந்ததில்லை. தம்பியையே பார்க்கிறாளா, மகள் உண்டாக்கிய வேறொரு பையனைப் பார்க்கிறாளா? எது என்று தெரியாமலே கண்ணில் நீர் கொட்டியது.

வாசலில் பை விழும் சத்தம் கேட்டது. பூபதி செருப்போடு உள்ளே வந்து திரைமுன் நின்றுவிட்டான்.

"மாப்ள," என்றான். "டேய் மாப்ள."

"அவந்தானா?" என்று கோகிலவாணி கேட்டாள். "நெசமாச் சொல்லுங்க. எனக்குத் தெரியாது. அவந்தானா?"

"அவனேதான்," என்றான் பூபதி. ரொம்ப வேகமாகச் சொன்னான். அவளுக்காகச் சொல்கிறானோ என்ற சந்தேகம் அப்போதே விழுந்துவிட்டது.

*

தன்விக்குப் படம் திரும்பியது. பாலைவனமும் ஒரு நாள் வந்தது, கோதுமை மாவு சலிக்கிற மாதிரியான மணலோடு. பள்ளியில் மதிப்பெண் கொஞ்சம் இறங்கியது. இணைவளையோடு படித்தபோது வந்த வேகம் இல்லை. ஒரு பாடத்துக்கு நாலு சாயங்காலம் பிடித்தது. தலைமையாசிரியைக்கு அதில் வருத்தம்தான். ஜெசிந்தா மிஸ் அவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கோகிலவாணி சனிக்கிழமைகளில் பள்ளிக்குப் போய் மற்ற பிள்ளைகளோடும் உட்கார ஒப்புக்கொண்டாள். தன் தலையில் மட்டும் இனி யாரும் வளை மாட்டக்கூடாது என்று சொல்லிவிட்டாள். பூபதி தன் வளையைப் பெட்டிக்குள் வைத்தான். முதலில் முகம் சுண்டித்தான் போனான். அப்புறம் அவனும் சாயங்காலம் மனைவி சொல்வதைக் கேட்க, வெங்காயம் உரிக்கிற சாக்கில் வந்து உட்கார ஆரம்பித்தான்.

பொங்கலுக்கு முந்தைய வாரம், வீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, அவன் ஏணிமேல் நின்றபடியே திடீரென்று சொன்னான்.

"கோகிலா. அன்னிக்கு நான் பொய் சொல்லல."

"என்னிக்கு?"

"மாப்ள படத்தப் பாத்து அவனேதான்னு சொன்னேன்ல. அப்ப அப்படித்தான் இருந்துச்சு." அவன் கையிலிருந்த துணியை மடித்தான், பிரித்தான். "அப்பறம் வீட்டுக்கு வெளிய நின்னு ஒருதடவ நெனச்சுப் பாத்தேன், நம்ம கல்யாணத்துல அவன் எப்படி இருந்தான்னு. பாப்பா போட்ட மூஞ்சிதான் வருது. எத்தன தடவ நெனச்சாலும் அதேதான். எனக்குன்னு ஒண்ணு இருந்துச்சே பழசு, நானே பாத்தது, அது வரமாட்டீங்குது. பாப்பா படம் அதுமேல ஏறி உக்காந்துக்கிச்சு. இப்ப இது அவனா இல்லியான்னு எனக்கும் சொல்லத் தெரியல."

கோகிலவாணி அண்ணாந்து அவனைப் பார்த்தாள். படம் உள்ளவர்களிடம் எல்லாம் பத்திரமாக இருக்கும் என்று ஆறு மாதமாக அவள் ஏங்கியது இதற்கா? யாருக்காக வருத்தப்படுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"உங்கம்மாவுக்கும் இத காட்டிட வேண்டாம்," என்றான் அவன். "அவங்ககிட்ட இருக்கறதாவது இருக்கட்டும்."

"காட்டல."

அவன் ஏணியிலிருந்து இறங்கினான். கடைசிப் படியிலேயே உட்கார்ந்தான். தூசு படிந்த கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, வகுப்பில் பாடம் புரியாத பையன் போல அவளைப் பார்த்தான்.

"நீ சொல்லு," என்றான். "மாப்ள எப்படி இருப்பான்?"

கோகிலவாணி அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கண்ணை மூடினாள். இருட்டாக இருந்தது. இடது புருவத்திலிருந்து ஆரம்பித்தாள்.